ஐ.என்.ஏ.எஸ். 300: கப்பல்மேல் இறங்கக் கற்றவர்கள்

அனைவருக்கும் வணக்கம்.

இந்தியக் கடற்படையில் ஐ.என்.ஏ.எஸ். 300 என்று ஒரு விமானப் படையணி இருக்கிறது. 'வெள்ளைப் புலிகள்' என்பது அதன் பெயர். விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்து போரிடுவதற்கென்று நம் நாடு அமைத்த முதல் போர்விமானப் படையணி. 1960 ஜூலையில் தொடங்கியது. இந்த அறுபத்தைந்து ஆண்டுகளில் மூன்று வகை விமானங்கள் அதன் கைக்கு வந்துவிட்டன. அது குடியிருந்த முதல் இரண்டு கப்பல்களும் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போயின. படையணி மட்டும் இருக்கிறது. கப்பலும் விமானமும் போனபின் அதில் மிச்சமிருப்பது என்ன என்று கேட்டால், ஒரு வித்தை என்பேன். ஓடும் கப்பலின்மேல் விமானத்தைக் கொண்டுவந்து இறக்கும் வித்தை. அது நடுவில் ஒருமுறை அறுந்தும் போனது. அதைத் திரும்பக் கற்றார்கள். இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

முதலில் அந்த வித்தை என்ன என்று பார்த்துவிடுவோம். நம் கோவை விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறக்குறைய 3 கிலோமீட்டர். பழைய ஐ.என்.எஸ். விக்ராந்த் கப்பலின் மொத்த நீளமே 213 மீட்டர்தான். அதிலும் இறங்குவதற்குக் கிடைப்பது ஒரு பகுதி. அந்தப் பகுதி அலையில் ஏறி இறங்கும், பக்கவாட்டில் சாயும், விமானி நெருங்கும்போது முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். மணிக்கு 200 கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் வருகிற விமானத்தின் வாலடியில் ஒரு கொக்கி. கப்பல் தளத்தின் குறுக்கே இரும்பு வடங்கள். கொக்கி ஏதாவது ஒரு வடத்தில் மாட்டவேண்டும். சக்கரம் தளத்தைத் தொட்டவுடன் விமானி வேகத்தைக் குறைக்கமாட்டார், கூட்டுவார். கொக்கி மாட்டாமல் போனால் அதே வேகத்தில் மறுபடி எழும்பிப் போகவேண்டுமே, இல்லையென்றால் கடலில் விழவேண்டியதுதான். புறப்படுவதற்கு நீராவியால் இயங்கும் கவண் இருந்தது. அது விமானத்தை இழுத்து ஒரே வீச்சில் எறியும்.

இதைக் கற்க நம்மவர்கள் பிரிட்டனுக்குப் போனார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஹெர்குலிஸ் என்ற பெயரில் கட்டத் தொடங்கி, முடிக்காமல் விட்டிருந்த கப்பலை இந்தியா 1957-இல் வாங்கியது. பெல்ஃபாஸ்ட்டில் அதை முடித்து, 1961 மார்ச் 4 அன்று விஜயலட்சுமி பண்டிட் கையால் ஐ.என்.எஸ். விக்ராந்த் ஆக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டே வேல்ஸில் உள்ள பிராடி தளத்தில் நம் 300-ஆம் படையணி உருவாகிவிட்டது. விமானம் சீ ஹாக். ஒருவர் ஓட்டுவது, ஒரே ஜெட் எஞ்சின், நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள். 1961 மே 18 அன்று ஆர்.எச். தஹிலியானி விக்ராந்தின் தளத்தில் சீ ஹாக்கை இறக்கினார். அந்தத் தளத்தில் இறங்கிய முதல் ஜெட் அதுதான். பின்னாளில் அவர் கடற்படைத் தலைமைத் தளபதியானார். அந்த ஆண்டு நவம்பரில் கப்பல் பம்பாய் வந்தது, நேரு வரவேற்றார்.

கோவைக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும். கடற்படையின் ஜெட் விமானங்களுக்கு முதல் வீடு நம் சூலூர். கோவாவில் இருக்கும் புகழ்பெற்ற ஐ.என்.எஸ். ஹன்சா தளம் 1961 செப்டம்பர் 5 அன்று பிறந்தது சூலூரில்தான். 1964-இல்தான் அது கோவாவின் டபோலிமுக்கு மாறியது. கடலே இல்லாத ஊரில் கடற்படை விமானங்கள் பறந்த காலம் ஒன்று இருந்தது. நம் ஊர் வரலாற்றில் இதை யாரும் எழுதிவைக்காதது எனக்கு வருத்தம்தான்.

1961 டிசம்பரில் போர்த்துகீசியரிடமிருந்து கோவாவை மீட்ட நடவடிக்கையின்போது விக்ராந்த் அரபிக்கடலில் காத்திருந்தது. சண்டைக்கு வேலை வரவில்லை. 1965 போரின்போது கப்பல் பம்பாயில் பழுதுபார்ப்பில் இருந்தது. அதை மூழ்கடித்துவிட்டதாகக்கூட பாகிஸ்தான் தரப்பு அறிவித்தது. ஆக, பத்து ஆண்டுகள் பயிற்சி செய்தும் இந்தப் படையணிக்குத் தன்னை நிரூபிக்க வாய்ப்பே வரவில்லை. இவ்வளவு செலவு செய்து இந்தக் கப்பல் தேவையா என்ற கேள்வி எழுந்துகொண்டே இருந்தது.

சரி, 1971-க்கு வருவோம்.

முந்தைய ஆண்டு, 1970-இல், விக்ராந்தின் கொதிகலன்களில் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பற்றவைத்துச் சரிசெய்ய முடியாத விரிசல்கள். மாற்று உறுப்புகள் பிரிட்டனிலிருந்து வரவேண்டும். வரும்வரை கொதிகலனை எரிக்கக்கூடாது என்று உத்தரவு. கப்பல் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது. கிழக்கே போர் மேகம் சூழ்ந்தபோது, அழுத்தத்தைக் குறைத்து எரித்துப் பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். வெள்ளோட்டம் விட்டு வகுத்த வரம்பு 14 நாட், அதாவது மணிக்கு சுமார் 26 கிலோமீட்டர். அந்தக் கப்பலின் முழு வேகம் 25 நாட் அளவில் இருக்கும். இது ஏன் முக்கியம் என்றால், விமானம் எழும்புவதற்கு எதிர்க்காற்று வேண்டும். இயற்கைக் காற்றோடு கப்பலின் வேகமும் சேர்ந்துதான் அந்த எதிர்க்காற்றைத் தருகிறது. கப்பல் மெதுவாகப் போனால் காற்று குறையும், விமானி எடுத்துச் செல்லும் சுமைக்கும் ஆபத்துக்கும் அது உடனே கணக்காகும். கவணுக்கும் நீராவி அதே கொதிகலனிலிருந்துதான் வரவேண்டும். விமானிகளின் வீரத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எந்த நேரமும் வெடிக்கலாம் என்று தெரிந்த கொதிகலனுக்குப் பக்கத்தில், கப்பலின் அடிவயிற்றில், வானத்தையே பார்க்காமல் வேலை செய்த மாலுமிகளை நாம் பெயர்சொல்லிப் பேசுவதில்லை. அவர்கள் தந்த நீராவியில்தான் ஒவ்வொரு சீ ஹாக்கும் எழும்பியது.

கிழக்குக் கடற்படைக் கட்டளையின் தளபதி வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். பாகிஸ்தானின் நீர்மூழ்கி காஸி விக்ராந்தைத் தேடி வருகிறது என்று அவருக்குத் தெரியும். விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்தார். பழைய நாசகாரிக் கப்பலான ராஜ்புத்தை விக்ராந்த் போல நடிக்கவைத்து, பெரிய கப்பலுக்குரிய அளவில் வானொலிச் செய்திகளை அனுப்பச் செய்தார். விசாகப்பட்டினத்தில் விமானந்தாங்கிக்கு ஏற்ற அளவில் உணவுப் பொருள்களுக்கும் சொல்லிவைத்தார். காஸி விசாகப்பட்டினத்துக்கு வந்தது. டிசம்பர் 3-4 நள்ளிரவில் அங்கேயே மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் இரு நாடுகளும் இன்றுவரை வேறு வேறு விதமாகச் சொல்கின்றன. அதில் இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. எதிரி என்றாலும் அதை நினைக்காமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

டிசம்பர் 4 காலை, எட்டு சீ ஹாக்குகள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் காக்ஸ் பஜாரைத் தாக்கின. அன்று மாலைக்குள் சிட்டகாங் துறைமுகம். அடுத்தடுத்த நாள்களில் குல்னா, மோங்லா. ஓடுபாதைகள், எண்ணெய்க் கிடங்குகள், கப்பல்கள் எல்லாம் இலக்கு. பகலில் சீ ஹாக், இரவில் 310-ஆம் படையணியின் அலிஸே என்ற நீர்மூழ்கி எதிர்ப்பு விமானம் என்று மாற்றி மாற்றி. வானில் எதிரி விமானத்தோடு மோதும் நிலை வரவில்லை, ஏனென்றால் டாக்காவில் இருந்த பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் நம் விமானப்படையின் குண்டுவீச்சால் சில நாள்களிலேயே தரையோடு முடங்கிவிட்டன. ஆபத்து கீழிருந்து வந்தது. படையணித் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தாவின் விமானமே தரைப் பீரங்கியால் அடிபட்டது. அடிபட்ட விமானத்தோடு கடல் தாண்டி வந்து, கொக்கியை மாட்டி, அந்தச் சிறு தளத்தில் இறங்கினார். அவருக்கும் கப்பல் தலைவர் ஸ்வராஜ் பிரகாஷுக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது. கப்பலுக்கு மொத்தம் இரண்டு மகாவீர் சக்ரா, பன்னிரண்டு வீர் சக்ரா.

என் கணிப்பு இதுதான்: சீ ஹாக் அப்போதே பழைய விமானம். பிரிட்டன் தன் முன்னணிப் படையணிகளிலிருந்து அதை எடுத்துப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. விரிசல் விட்ட கப்பல், வயதான விமானம். கிழக்குப் பாகிஸ்தானின் கடற்கரை வழியாக எதிரிக்கு உதவி வரவும் முடியாமல், தப்பிப் போகவும் முடியாமல் அடைத்தது இவை இரண்டும் அல்ல, பத்து ஆண்டுப் பயிற்சி.

1978 மே மாதம் சீ ஹாக் விக்ராந்திலிருந்து கடைசியாகப் புறப்பட்டது. அடுத்த ஐந்தரை ஆண்டுகள் நம் கடற்படையில் கப்பலில் இறங்கும் போர்விமானம் இல்லை. 1979-இல் சீ ஹாரியருக்கு ஆர்டர் கொடுத்தார்கள். பிரிட்டனும் அர்ஜென்டினாவும் 1982-இல் மோதிய ஃபாக்லாந்து போரில் அது பெயர் வாங்கியது அதற்குப் பிறகுதான். படையணியைப் புதிதாகக் கட்டி எழுப்பும் பொறுப்பு அருண் பிரகாஷிடம் வந்தது. 1971 போரில் விமானப்படையின் ஹண்டர் விமானத்தை ஓட்டி வீர் சக்ரா பெற்ற கடற்படைக்காரர் அவர். அவரும் பின்னாளில் கடற்படைத் தலைமைத் தளபதியானார். 1983 டிசம்பரில் முதல் மூன்று சீ ஹாரியர்கள் கோவா வந்து சேர்ந்தன.

சீ ஹாரியர் செங்குத்தாக இறங்கும். கொக்கி வேண்டாம், வடம் வேண்டாம், கவண் வேண்டாம். விக்ராந்தின் முன்பகுதியை மேல்நோக்கி வளைத்துச் சாய்தளம் ஆக்கினார்கள். 1987-இல் வந்த இரண்டாவது விமானந்தாங்கிக் கப்பலான விராட்டிலும் அதே ஏற்பாடு. ஆனால் அது ஓட்டுவதற்கு எளிய விமானம் அல்ல. அந்தரத்தில் நின்று இறங்கும் அந்த நிமிடங்களில் சிறு தவறையும் மன்னிக்காது. நாம் வாங்கியது சுமார் 30. அதில் பாதிக்கு மேல் விபத்துகளில் போயின, விமானிகளும் போனார்கள். போரில் அல்ல, வழக்கமான பறப்பில் நேர்ந்த இழப்பு இது. மிச்சமிருந்தவற்றுக்குப் புதிய ரேடாரும் டெர்பி ஏவுகணையும் பொருத்தி, 2016 மே 11 வரை பறக்கவைத்தார்கள்.

இனி அந்த அறுந்த இழை. 1987-இல் அலிஸே விக்ராந்தில் கடைசியாகக் கொக்கி போட்டு இறங்கியது. அதற்குப் பிறகு 2014 வரை எந்த இந்தியக் கப்பலிலும் கொக்கி போட்டு இறங்கியவர் யாரும் இல்லை. இருபத்தேழு ஆண்டுகள்! ஒரு விமானியின் முழுப் பணிக்காலம் அது. அந்த வித்தை தெரிந்தவர்கள் எல்லாம் ஓய்வுபெற்றுவிட்டார்கள். விக்ரமாதித்யா கப்பலும் மிக்-29கே விமானமும் வந்தபோது மறுபடி கொக்கி, மறுபடி வடம். இளம் விமானிகளை அமெரிக்கக் கடற்படையிடம் பயிற்சிக்கு அனுப்பவேண்டியிருந்தது. கோவாவில் ஹன்சா தளத்திலேயே சாய்தளமும் வடமும் வைத்துத் தரையில் ஒரு கப்பல் தளத்தைக் கட்டினார்கள். ஒரு விமானத்தைச் சில ஆண்டில் வாங்கலாம். விட்டுப்போன பழக்கத்தை மீட்க எவ்வளவு பாடு பாருங்கள். திட்டமிடுபவர்கள் மறக்கக்கூடாத இடம் இது என்று நினைக்கிறேன்.

மிக்-29கே முதலில் 303-ஆம் படையணிக்கு வந்தது. 2016-இல் சீ ஹாரியருக்கு விடைகொடுத்த அதே நாளில் நம் 300-உம் மிக்குக்கு மாறியது. 2022 செப்டம்பர் 2 அன்று, கொச்சியில் கட்டிய புதிய விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மிக்-29கே அதில் இறங்கியது, மே மாதம் இரவிலும் இறங்கியது. 2025 ஏப்ரலில் 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அவையும் கொக்கி போட்டு இறங்குபவைதான்.

கோவா போகிற மாணவர்கள் கடற்கரையோடு நின்றுவிடாமல் டபோலிமுக்குப் பக்கத்தில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள். சீ ஹாக், அலிஸே, சீ ஹாரியர் மூன்றும் அங்கே நிற்கின்றன. இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.