வீட்டுத் தேநீருக்கு மூலிகை சேர்க்கும் முறை

[காட்சி: குன்னூரில் ஒரு வீட்டின் சமையலறை. மேடையில் இரண்டு கிண்ணங்களில் தேயிலை.]

வணக்கம். மூலிகைத் தேநீர் என்றாலே கைக்குக் கிடைத்த இலைகளையெல்லாம் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் கடைசியில் மிஞ்சுவது கஷாயத்தின் சுவைதான். எந்த இலையின் மணம் எத்தகையது, எந்தத் தேயிலை அதற்கு இடம் கொடுக்கும் என்று பார்த்துச் சேர்ப்பதைப் பற்றியே இந்த வீடியோ.

முதலில் தேயிலை. நீலகிரியின் சிடிசி தேயிலை, சிறு மணிகளாக இருப்பதால் விரைவில் சாயம் இறங்கி, பாலுக்கு ஈடுகொடுக்கும் துவர்ப்புடன் நிற்கும். இஞ்சி, ஏலக்காய், துளசி எல்லாம் இதற்கே பொருந்தும். இலையைச் சுருட்டிப் பதப்படுத்தும் ஆர்த்தடாக்ஸ் தேயிலையில் பூமணம் இயல்பாகவே இருப்பதால், அதில் கிராம்பைப் போட்டு அமுக்குவது வீண்செலவு என்பேன்.

[காட்சி: விரல்களுக்கிடையே கசக்கப்படும் தைம் இலை, மிக அருகில்.]

இம்மலையில் பயிராகும் தைம் செடியின் இலை, அரிசியை விடச் சற்றே பெரியது. அதைக் கசக்கி முகர்ந்தால் உடனே ஓமம் நினைவுக்கு வரும். இரண்டிலும் தைமால் என்ற ஒரே பொருள் இருப்பதே காரணம். ஒரு கோப்பைக்கு ஒரு சிறு கொத்துப் போதும், மீறினால் தேநீர் ஓமவாட்டராகிவிடும். கற்பூரவல்லியும் ஏறக்குறைய இதே மணம் என்பதால், இவ்விரண்டில் ஒன்றே போதுமானது.

ரோஸ்மேரியில் இன்னும் கவனம் தேவை. நாம் நீலகிரித் தைலம் என்று சொல்லும் யூகலிப்டஸ் எண்ணெயின் மணத்துக்குக் காரணமான சினியோல் இதிலும் இருப்பதால், விரல் நீளக் கிளை ஒன்றை மூன்று நிமிடம் ஊறவைத்து எடுத்துவிட வேண்டும். அப்படியே கிடந்தால் கசப்பு இறங்கும். மணம் ஒன்றுதானே என்று தைலத்தில் ஒரு சொட்டைத் தேநீரில் விடுவது பேராபத்து, ஏனெனில் அது உள்ளே போனால் நஞ்சு.

எலுமிச்சைப்புல் ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு நல்ல துணை. எலுமிச்சையின் மணத்தைத் தரும் சிட்ரால் இதில் நிறைய இருக்கிறது, புளிப்போ இல்லை. ஆகவே பால் சேர்த்தாலும் திரியாது. புதினாவை அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள். துளசியிலும் கிராம்பிலும் யூஜெனால் இருப்பதால், இரண்டையும் சேர்ப்பது சொன்னதையே இருமுறை சொல்வதாகும்.

[காட்சி: தட்டிய இஞ்சி கொதிநீரில் விழுகிறது.]

பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தைச் சிதைக்கும் நொதி உண்டு. அதைப் பாலில் நேரடியாகப் போட்டுச் சூடேற்றினால் பால் திரிந்துபோகக்கூடும் என்பதால், முதலில் நீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகே பாலை ஊற்ற வேண்டும். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் ஏறத்தாழ 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சமவெளியில் ஆகும் நேரத்தை விட இஞ்சிக்கும் சுக்குக்கும் சில நிமிடங்கள் கூடுதலாகக் கொடுங்கள். சுக்கின் காரம் பச்சை இஞ்சியை விடக் கூர்மையானது என்பதால் அளவு குறைவாகவே இருக்கட்டும்.

மெல்லிய இலைகளுக்கு இதற்கு நேர்மாறான முறை வேண்டும். அவற்றின் மணம் எளிதில் ஆவியாகும் எண்ணெயில் இருப்பதால், கொதிநீரை ஊற்றியவுடன் பாத்திரத்தை மூடிவிட வேண்டும். அடுப்பங்கரை முழுவதும் மணக்கிறது என்றால் கோப்பையில் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது என்று பொருள்.

உலர்த்தி வைப்பதானால் நிழலில் உலர்த்துங்கள், வெயில் மணத்தைக் கொண்டுபோய்விடும். உலர்ந்த இலை, பச்சை இலையின் மூன்றில் ஒரு பங்கு போதும். பருவமழை மாதங்களில் மலைக்காற்றின் ஈரத்தால் இலை காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், அப்போது பச்சை இலையையே பயன்படுத்துவது நல்லது. முன்பே உலர்த்தியது இருந்தால், நொறுங்கும் பதத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்.