அதே முறிவு, அதே ராடு… ஒருத்தர் நடக்கறார், இன்னொருத்தர் ஏன் வாக்கரோடயே?

வணக்கமுங்க! பெருந்துறை பக்கம் எங்க மாமா, தீவன மூட்டையோட மொபட்ல விழுந்து தொடை எலும்பு ரெண்டாயிருச்சு. பக்கத்துக் கட்டில்ல ஒரு தறிக்காரர், அதே முறிவு. ரெண்டு பேருக்கும் ராடு. தறிக்காரர் 5 மாசத்துல குச்சியில்லாம நடந்துட்டார். மாமா 9 மாசம் வாக்கரைத் தள்ளுனார். ஏனுங்க?

தொடை எலும்பு நடுவுல முறிஞ்சா, கூட பொதுவா 3 முதல் 6 மாசம் ஆகும். பாடப்புத்தகம் சொல்றது அவ்வளவுதான்.

[திரையில்: முறிஞ்ச மம்மட்டிக் காம்பு]

காம்பு முறிஞ்சா பக்கத்துல பட்டை வெச்சு ஆணி அடிக்கலாம். அதுதான் பிளேட். காம்புக்குள்ளயே கம்பி இறக்குனா? அது ராடு. மஜ்ஜைக் குழிக்குள்ள கம்பி இறக்கற இந்த வேலையை 1939-ல ஜெர்மனியோட கீல் நகரத்துல செஞ்சு காட்டுனவர் கெர்ஹார்ட் குன்ச்சர். ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மனிகிட்ட மாட்டி, ஊர் திரும்புன அமெரிக்கப் போர்க்கைதிகளை எக்ஸ்ரே எடுத்த டாக்டருங்க, தொடைக்குள்ள இரும்பைப் பார்த்து அசந்துட்டாங்க!

இதைவிட விசித்திரம் ஒன்னு இருக்கு. ராடு போட்ட எலும்பு கல்லாட்டம் அசையாம இருந்தாத்தான் கூடும்னு நெனப்போம். இல்லீங்க! ஊனி நடக்கறப்ப முறிஞ்ச இடத்துல மயிரிழை அசைவு வேணும். அப்பத்தான் சுத்தி கேலஸ்ங்கற புது எலும்புத் திரட்டு கட்டும், எக்ஸ்ரேல பஞ்சுப்பொதியாட்டம் தெரியும். மெதுவா கூடுறவங்களுக்கு ராடை எலும்போட பூட்டியிருக்கற ஸ்க்ரூல, டாக்டரே ஒரு முனை ஸ்க்ரூவைக் கழட்டி விடறதும் உண்டு, எலும்பு ஒன்னோட ஒன்னு முட்டட்டும்னு. மாமாவுக்கும் கழட்டுனாங்க. "காசு குடுத்துப் போட்ட ஸ்க்ரூவாச்சே!"ன்னார்.

அதுக்காக நீங்களா எந்திரிச்சு நடந்துராதீங்க. எவ்வளவு எடை ஊனலாம்ங்கறது எத்தனை துண்டா முறிஞ்சிருக்குன்னு பார்த்து டாக்டர் சொல்றது.

மாமா ஏன் லேட்டு? பீடிங்க. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், எலும்புக்குப் போற ரத்தம் குறையும். கூடவே சர்க்கரை. தோல் கிழிஞ்சு எலும்பு வெளிய வந்திருந்தா கிருமி பயமும் சேரும்.

அத்தை குண்டா குண்டாவா ஆட்டுக்கால் சூப் வெச்சாங்க. ருசிக்குக் குடிங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. தட்டுல முட்டையும் கொள்ளுப்பருப்பும் இருக்கோணும். என்னைக் கேட்டா, முட்டியை மடக்கற பயிற்சியை விடறதுதான் பெரிய தப்பு. எலும்பு கூடியும் முட்டி இறுகிப் போனவங்க நெறைய.

உங்க வீட்ல ராடு போட்டவங்க எத்தனை மாசத்துல நடந்தாங்க? கமெண்ட்ல சொல்லுங்க. மாமா இப்ப திண்ணையில உக்காந்து முட்டி மடக்கறார். பீடின்னு வாயைத் தொறந்தா, அத்தை எக்ஸ்ரே கவரை எடுத்து நீட்டறாங்க.