ஒரே பானைக் களி, மூன்று உடம்பு

நேயர்களுக்கு வணக்கம். வேலூர், குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களில் கேழ்வரகுக் களி கிண்டாத வீடு குறைவு. அந்தக் களியையே எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை, மகளுக்கு ரத்தசோகை, பாட்டிக்குச் சிறுநீரகக் கோளாறு. மூவருக்கும் ஒரே மாதிரி பரிமாறலாமா? கூடாது.

கேழ்வரகு சர்க்கரையை ஏற்றாது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் இரண்டு உருண்டை சாப்பிடுகிறார்கள். 100 கிராம் மாவில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அரிசியில் 78. வித்தியாசம் அவ்வளவுதான். நார்ச்சத்து கூடுதலாக இருப்பதால் கெட்டிக் களி கொஞ்சம் மெதுவாகச் செரிக்கும். அப்பாவுக்கு 50 கிராம் மாவில் கிண்டிய ஒரு உருண்டை போதும். கூடவே ஒரு கிண்ணம் கீரைக் கடைசலும் பருப்பும் வேண்டும். அதே மாவு கூழாக உள்ளே போனால் சர்க்கரை வேகமாக ஏறும்.

எவ்வளவு ஏறும் என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் 800 பேரின் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து 2015-இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாகக் காட்டியது. உங்கள் உடம்பை நீங்களே சோதிக்கலாம். சாப்பிடும் முன் ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். இரண்டாவது அளவு 180-க்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு நல்லது. இன்னொரு நாள் உருண்டையை மட்டும் சிறிதாக்கி, மற்றதை மாற்றாமல் பாருங்கள். பழம் நறுக்கிய விரலைக் கழுவாமல் குத்தினால் அளவு பொய்யாக ஏறும். நம் ஊர்க் கோடையில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்த குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பையும் நம்ப முடியாது.

மகளுக்குக் கணக்கே வேறு. கேழ்வரகில் இரும்புச்சத்து உண்டு, ஆனால் தானியத்தில் இயல்பாகவே உள்ள பைட்டேட் என்ற பொருள் அதை முழுதாக உடம்பில் சேரவிடாது. மாவைப் புளிக்கவைத்தாலும் தானியத்தை முளைகட்டி அரைத்தாலும் பைட்டேட் குறையும். ஆக, அப்பாவுக்கு ஆகாத புளித்த கூழ் மகளுக்கு நல்லது. கூடவே எலுமிச்சை பிழிந்த முருங்கைக்கீரைப் பொரியல் கொடுங்கள். டீ மட்டும் ஒரு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். இரும்பு மாத்திரையைப் பாலோடு விழுங்கக் கூடாது.

பாட்டி விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். சிறுநீரகம் வெகுவாகப் பழுதடைந்து, ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரசும் ஏறியிருந்தால், அவை கூடுதலாக உள்ள கேழ்வரகைவிட வெள்ளைச் சோறே பாதுகாப்பு. சிறுதானியத்தைப் புகழ்ந்து வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் இதைச் சொல்வதில்லை. வெயிலுக்கு இதம் என்று ஊட்டும் இளநீரில் டம்ளருக்கு 400, 500 மில்லிகிராம் பொட்டாசியம். அது அவர் இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம். சோடியம் குறைத்த உப்பிலும் பொட்டாசியம்தான் கலந்திருக்கிறது. காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிடுங்கள். வடித்த நீரை ரசத்தில் சேர்க்காதீர்கள். டயாலிசிஸ் தொடங்கும் முன் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். தொடங்கிய பிறகு கூட்டச் சொல்வார்கள், முட்டை வெள்ளைக்கரு உட்பட. டயாலிசிஸுக்கு முன் எழுதிக் கொடுத்த பழைய உணவுச் சீட்டைப் பார்த்தே சமைத்தால் அவர் மெலிந்துபோவார்.

அப்பாவின் களியைக் குறைக்கும் முன் ஒன்று. அவர் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், மருத்துவரிடம் மருந்தின் அளவையும் கேளுங்கள். சாப்பாடு பாதியாகி மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை சரியும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்து, அளவு 70-க்குக் கீழே இருந்தால், 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் ஏறவில்லையென்றால் அதே அளவு இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.