ஒளியை முந்தும் கலங்களும் தொலைவின் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். விண்வெளிப் பயணத்தைக் கணினித் திரையில் நிகழ்த்திக் காட்டும் சிமுலேட்டர் விளையாட்டுகளில், ஒரு விண்மீனிலிருந்து இன்னொரு விண்மீனுக்குக் கலங்கள் ஒளியைவிட வேகமாகச் செல்வதற்கு எத்தகைய விதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன என்பதையும், அந்த விதிகள் ஆடுபவருக்குத் தொலைவு என்பதை எப்படி உணர்த்துகின்றன என்பதையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பல ஆண்டுகளாக இந்த விளையாட்டுகளோடு வாழ்ந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சூரியனிலிருந்து பூமிக்கு வர அதற்கு 8 நிமிடம் 20 நொடி போதும். ஆனால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா செண்டாரியோ 4.24 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. அதே வேகத்தில் அந்தத் தொலைவைக் கடக்க 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்னும் விளையாட்டில் நேரத்தை ஒரு லட்சம் மடங்கு விரைவாக ஓட விடலாம். ஒரே ஒரு சூரிய குடும்பத்துக்குள் சுற்றி வர அது தாராளமாகப் போதும். அந்த வசதியோடு வாயேஜரின் வேகத்தில் பிராக்சிமாவுக்குப் புறப்பட்டால், திரைக்கு முன் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். ஆகவே விண்மீன்களுக்கிடையே பயணம் வேண்டுமென்றால் இயற்பியலின் விதியை மீறித்தான் ஆக வேண்டும். அதை எந்த அளவுக்கு மீறுவது, மீறலுக்கு ஈடாக ஆடுபவரிடமிருந்து எதைக் கேட்பது என்பதில்தான் ஒரு விளையாட்டின் தரம் தெரிகிறது என்று நான் கருதுகிறேன்.

1984-இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கணினிக்காக உருவாக்கிய எலைட் இதற்கு முதல் பெரிய சான்று. 32 கிலோபைட் நினைவகத்துக்குள் எட்டு மண்டலங்களையும், மண்டலத்துக்கு 256 விண்மீன்களையும் அவர்கள் அடக்கினார்கள். சில விதை எண்களிலிருந்து ஒவ்வோர் உலகின் பெயரையும் தன்மையையும் கணினியே பெருக்கிக்கொண்டது. அதில் எரிபொருள் தொட்டி நிறைந்திருந்தால் கலம் 7 ஒளியாண்டு தாவும், அதற்கு மேல் ஓர் அடிகூடப் போகாது. அந்த 7 என்ற எண் ஒன்றே வெறும் புள்ளிகளாக இருந்த விண்மீன்களை நிலவரைபடம் ஆக்கிவிட்டது. எட்டக்கூடிய ஊர், எட்டாத ஊர், சுற்றிப் போக வேண்டிய வழி, இடையில் தங்கியே தீர வேண்டிய ஆபத்தான துறை ஆகிய எல்லாமே அந்த வரம்பிலிருந்து பிறந்தவை. வரம்பு இல்லாதிருந்தால் 2048 விண்மீன்களும் ஒன்றுக்கொன்று ஒரே தொலைவில் இருந்திருக்கும்.

அறிவியல் இந்த மீறலைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். ஐன்ஸ்டைனின் 1905-ஆம் ஆண்டுச் சார்பியல் கோட்பாட்டின்படி, ஒளியை முந்திச் செல்லும் ஒரு செய்தி, சில நோக்கர்களின் பார்வையில், அனுப்பப்படுவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். காரணத்துக்கு முன் விளைவு நிகழும். மெக்சிகோவின் இயற்பியலாளர் மிகேல் அல்குபியரே 1994-இல் வெளியிட்ட கட்டுரையில், கலத்துக்கு முன்னால் உள்ள வெளியைச் சுருக்கி, பின்னால் உள்ள வெளியை விரித்தால், நடுவிலுள்ள குமிழுக்குள் கலம் அசையாமல் இருக்க, குமிழே ஒளியைவிட வேகமாக நகரலாம் என்று பொதுச் சார்பியலின் சமன்பாடுகளைக் கொண்டே காட்டினார். அதற்கு எதிர்மறை ஆற்றல் தேவைப்படுகிறது. அதைத் திரட்ட இன்றுவரை வழியில்லை. விளையாட்டுகள் குமிழை எடுத்துக்கொண்டு, காரண விளைவுச் சிக்கலை விட்டுவிட்டன. இணையம் வழியே பலர் சேர்ந்து ஆடும்போது அனைவருக்கும் ஒரே கடிகாரம்தான் இருக்க முடியும். ஒருவர் மேசைக்கு முன் ஒரு மணி நேரமும் இன்னொருவர் மேசைக்கு முன் ஓராண்டும் கழியுமாறு செய்ய யாராலும் இயலாது.

2014-இல் வந்த எலைட் டேஞ்சரஸ் நம் பால்வீதி முழுவதையும் 40,000 கோடி விண்மீன்களோடு முன்வைக்கிறது. அதில் ஒளியை முந்துவதற்கு இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, விண்மீனிலிருந்து விண்மீனுக்கு ஹைப்பர்ஸ்பேஸ் வழியாகத் தாவுவது. மற்றொன்று, ஒரு விண்மீனின் குடும்பத்துக்குள் கோள்களுக்கிடையே செல்லும் சூப்பர்குரூஸ் முறை. தாவலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சில நொடிகள் சுரங்கம்போன்ற ஒளிக்காட்சி ஓடும், அதற்குள் அடுத்த குடும்பத்தைக் கணினி ஆயத்தம் செய்துவிடும். என் மனம் தோய்ந்தது சூப்பர்குரூஸில்தான்.

அதில் கோளுக்கோ விண்மீனுக்கோ அருகில் இருக்கும்போது வேகம் தானே குறையும். விலகிச் சென்றால் கூடும், வழக்கமான உந்தியில் உச்சமாக ஒளியைப்போல் 2001 மடங்கு வரை. இலக்கின் குறிக்குப் பக்கத்தில் இரண்டு எண்கள் தெரியும்: எஞ்சிய தொலைவு, இதே வேகத்தில் போனால் எஞ்சும் நேரம். அந்த நேரம் 7 நொடியைத் தொடும்போது வேக விசையை முக்கால் பங்குக்கு இறக்கிவிட வேண்டும் என்பது ஓட்டிப் பழகியவர்கள் புதியவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். இறக்கிய பிறகு அந்த 7 மாறுவதில்லை. தொலைவு சரிந்துகொண்டே வருகிறது, வேகமும் அதே விகிதத்தில் சரிகிறது, நேரம் மட்டும் 7-லேயே நிற்கிறது. முதன்முறை அதைக் கண்டபோது ஏதோ பழுது என்றே எண்ணினேன். பிறகு தாளில் எழுதிப் பார்த்தேன். வேகம் எப்போதும் எஞ்சிய தொலைவில் ஏழில் ஒரு பங்கு என்றால், ஒவ்வொரு 7 நொடிக்கும் தொலைவு முன்பிருந்ததில் 37 சதவீதமாகச் சுருங்கும். அந்தக் கணக்கின்படி 1000 ஒளிநொடித் தொலைவு ஒரே ஒளிநொடியாகக் குறைவதற்கு 48 நொடி போதும். ஆனால் தொலைவு ஒருபோதும் சுழியமாகாது. அதனால்தான் 1000 கிலோமீட்டருக்குள் வந்ததும் நாமே விசையை அழுத்திச் சாதாரண வெளிக்கு இறங்க வேண்டியிருக்கிறது. 7-ஐத் தவறவிட்டு 5-க்கோ 4-க்கோ போய்விட்டால் நிலையத்தைத் தாண்டிப் போய், பெரிய வட்டமடித்துத் திரும்பி வர வேண்டும்.

கலம் நகர்வதாக நாம் காண்பதற்குப் பின்னால் இன்னொரு செய்தி உண்டு. கலம் இருக்கும் இடத்தைக் கணினி குறித்துவைக்கும் 32 பிட் தசம எண்ணுக்கு ஏறத்தாழ ஏழு இலக்கத் துல்லியமே உண்டு. சூரியனைத் தொடக்கப் புள்ளியாக வைத்து மீட்டரில் அளந்தால், பூமி இருக்கும் தொலைவில் அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கிடையே 16 கிலோமீட்டர் இடைவெளி விழுந்துவிடும். கலம் வழுக்கிச் செல்லாமல் தத்தித் தத்திக் குதிக்கும். 64 பிட் எண்ணை எடுத்துக்கொண்டாலும், ஒரு லட்சம் ஒளியாண்டு அகன்ற பால்வீதிக்கு அது சுமார் 130 கிலோமீட்டர் இடைவெளியைத் தருகிறது. எனவே இத்தகைய விளையாட்டுகளை எழுதுவோர் பெரும்பாலும் தொடக்கப் புள்ளியைக் கலத்தோடு கட்டிவிடுகிறார்கள்: கலம் நடுவில் நிற்க, அண்டம் அதை நோக்கி நகர்த்தப்படுகிறது. அல்குபியரே தாளில் வரைந்த அசையாத கலம், முற்றிலும் வேறொரு காரணத்துக்காக, கணினிக்குள் இருக்கிறது.

எரிபொருளைப் பற்றிச் சொல்லாமல் இந்த உரை நிறைவடையாது. எலைட் டேஞ்சரஸில் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வகை விண்மீன்களின் அருகே பறந்து எரிபொருளை அள்ளிக்கொள்ளலாம். முழு விண்மீனாக எரியும் அளவுக்குப் பெருக்காத பழுப்புக் குறுமீன்களிடம் அது கிடைக்காது. ஒருமுறை வழியை முன்கூட்டிப் பாராமல் தாவித் தாவிப் போய், ஒரு பழுப்புக் குறுமீனின் முன் அடுத்த தாவலுக்கு எரிபொருள் போதாமல் நின்றேன். ஆடுபவர்களே சேர்ந்து நடத்தும் ஃபியூல் ராட்ஸ் என்ற தொண்டர் குழுவைக் கேட்டேன். உயிர்வளி தீரும் எண்ணிக்கை தொடங்கியிருந்தால் உடனே ஆட்டத்திலிருந்து வெளியேறி நில்லுங்கள் என்பதே அவர்களின் முதல் அறிவுரை. பிறகு முன்பின் அறியாத ஒருவர் பல தாவல்கள் தாண்டி வந்து, சிறு தானியங்கிகளை ஏவி என் தொட்டியை நிரப்பிவிட்டு, நன்றி சொல்லும் முன்பே விடைபெற்றார். நினைத்த இடத்துக்கு நொடியில் போகக்கூடிய விளையாட்டில் இந்த உதவிக்கு இடமே இருந்திருக்காது. பால்வீதியின் நடுவிலுள்ள சாஜிட்டேரியஸ் ஏ-ஸ்டார் என்ற கருந்துளை சுமார் 25,900 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. 60 ஒளியாண்டு தாவும் கலத்துக்கே 430-க்கும் மேற்பட்ட தாவல்கள் வேண்டும். அங்கே சென்று திரும்பியவர்கள் அதை ஒரு யாத்திரையைப்போல் பேசுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஆல்ஃபா செண்டாரியில் ஹட்டன் ஆர்பிட்டல் என்ற நிலையம் வந்திறங்கும் இடத்திலிருந்து 0.22 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிறது. ஒளியைப்போல் 2000 மடங்கு வேகம் எடுத்தும் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதைச் சலிப்பு என்பவர்கள் உண்டு. நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றாம் முறை பாதி வழியில் கலத்தைத் திருப்பி, காசியோப்பியா என்ற விண்மீன் கூட்டத்தின் ஐந்து விண்மீன்களைத் தேடினேன். அங்கிருந்து பார்க்கும்போது அந்தக் கோணல் வரிசையின் ஓரத்தில் ஆறாவதாக ஒரு மஞ்சள் விண்மீன் சேர்ந்திருக்கிறது. அது நம் சூரியன்.