வால்வு மூடியிருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரில் ஒரு டீக்கடையில் ஒருத்தர் என்னிடம் கேட்டார்: “ஃபேக்டரி கேட்டில ஐ.எஸ்.ஓ.ன்னு பெருசா போர்டு வெச்சிருக்காங்க. சாயங்காலமானா மூக்கைப் பிடிச்சிக்கிட்டுதான் போறோம். இந்த சர்டிபிகேட்டை யார் சார் குடுத்தது?”

அவர் சொன்னது ஐ.எஸ்.ஓ. 14001, சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான தரம். நான் பல வருஷம் அந்த ஆடிட் வேலை பார்த்தவன் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் டீயை என் மேல் ஊற்றியிருப்பாரோ என்னவோ.

யார் கொடுத்தது என்று கேட்டால், ஜெனீவாவில் இருக்கும் ஐ.எஸ்.ஓ. அமைப்பு கொடுக்கவில்லை. அவர்கள் விதிகளை எழுதுவதோடு சரி. தொழிற்சாலைக்கு வந்து பார்த்துச் சான்று தருவது தனி நிறுவனங்கள். அதற்கான கட்டணத்தைத் தொழிற்சாலையே கட்டும். பரீட்சை எழுதுகிற பையனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிற மாதிரிதான். அந்த வாத்தியார்களை மேற்பார்க்கவும் அமைப்புகள் உண்டு, ஆனாலும் அந்த உறுத்தல் எனக்குக் கடைசிவரை போகவில்லை. சான்று 3 வருஷத்துக்குச் செல்லும். நடுவில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து பார்ப்பார்கள்.

அப்புறம் நாற்றம். 1996-இல் வந்து, 2015-இல் பெரிதாகத் திருத்தப்பட்ட இந்தத் தரத்தில், புகை இவ்வளவுதான் போகலாம், கழிவுநீர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஓர் எண்கூடக் கிடையாது. அந்த எண்களெல்லாம் 1974 தண்ணீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம், அவற்றின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணை ஆகியவற்றோடு வருபவை. 14001 கேட்பது வேறு: உன் வேலையால் மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் என்ன கெடுதல் என்று பட்டியல் போடு, சட்டத்தை மதிப்பதாக எழுத்தில் வாக்குக் கொடு, தப்பு நடந்தால் காரணத்தைத் தேடிச் சரிசெய். டீக்கடையில் கேட்டவர் மூக்குக்கு அதில் நேரடியாகப் பதில் இல்லை.

ஒன்று மட்டும் அவரிடம் சொன்னேன். சான்றிதழில் ‘ஸ்கோப்’ என்று ஒரு வரி இருக்கும், அதைப் படியுங்கள். வளாகத்தில் நாலு பிளான்ட் இருந்து, சான்று ஒன்றுக்கு மட்டும் இருக்கலாம். அந்த எல்லை என்ன, நிறுவனத்தின் சுற்றுச்சூழல் கொள்கை என்ன என்பதை அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டால் காட்ட வேண்டும் என்று தரமே சொல்கிறது. கேட்கத்தான் ஆள் வருவதில்லை.

சரி, ஆடிட்டில் என்னதான் பார்ப்பீர்கள் என்பீர்கள். ஒரு ஐப்பசி மாதம், பெயர் வேண்டாம், ஒரு ரசாயனத் தொழிற்சாலை. அமில டேங்கைச் சுற்றி டைக் என்று ஒரு தொட்டிச் சுவர் கட்டியிருப்பார்கள். டேங்க் ஒழுகினால் அமிலம் அதற்குள்ளேயே நிற்கும். சுவரின் அடியில் ஒரு வால்வு. அது எப்போதும் மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் ஒழுகுவது நேரே மழைநீர்க் கால்வாய்க்குப் போகும். கால்வாய் போய்ச் சேருவது உப்பனாற்றில்.

ரிஜிஸ்டரைப் பார்த்தேன். 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை ‘மூடியுள்ளது’. முத்து முத்தான கையெழுத்து, ஒரே நீல மை. அப்போது மணி காலை பத்தரை. ராத்திரி 10 மணி வரைக்கும் நிரப்பியிருந்தது! நேரில் போய்ப் பார்த்தால் வால்வு திறந்து கிடக்கிறது.

“ஏன் அண்ணே?” என்றேன், அங்கிருந்த ஒப்பந்தத் தொழிலாளியிடம்.

“மழை பேஞ்சா உள்ள முழங்கால் தண்ணி நிக்குது சார். இறைக்கிற பம்பு ரிப்பேராகி நாலு மாசம். தண்ணிய விடலன்னா நான் எப்படி உள்ள எறங்கி லீக் பாக்கறது?”

குறையாக எழுதிக் கொடுத்தேன். ‘பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று, கையொப்பத் தாளோடு பதில் வந்தது. பயிற்சிக்குப் பம்பையல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும்! திருப்பி அனுப்பினேன். இரண்டாம் தடவைதான் புதுப் பம்பு வாங்கிய ரசீது வந்தது. வால்வுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை ஷிப்ட் பொறுப்பாளரிடம் கொடுத்திருந்தார்கள். தேங்குகிற மழைத்தண்ணீரைச் சோதித்துப் பார்த்து, கழிவுநீர் சுத்திகரிப்புக்கு இறைக்க ஏற்பாடாயிற்று.

அடுத்த வருஷமும் அங்கே போனேன். ரிஜிஸ்டர் அலங்கோலமாக இருந்தது. மூன்று பேர் கையெழுத்து, மழையில் நனைந்து மை பரவிய பக்கங்கள். ஓரிடத்தில் பென்சிலில், ‘பூட்டு இல்லை. திறந்திருந்தது. மூடினேன்.’ பக்கத்தில் நின்ற மேனேஜருக்குச் சங்கடம். “சாரி சார், நல்ல நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறேன்” என்றார்.

“வேண்டாம், இதுவே இருக்கட்டும்” என்றேன்.

வணக்கம்.