சிசேரியனுக்கு முதுகுல ஊசியா, முழு மயக்கமா?

அடுத்த கேள்வி ஒரு சகோதரி அனுப்பியிருக்காங்க. "சிசேரியன்னு முடிவாயிடுச்சு. முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலிங்கிறாங்க. முழு மயக்கமே கேட்டு வாங்கிக்கலாமா?"

அந்தப் பயத்துக்காக மட்டும் முழு மயக்கம் கேக்காதீங்கம்மா. நிறைமாசத்துல தொண்டைக்குள்ள வீக்கம் இருக்கும், முழு மயக்கத்துக்கு மூச்சுக்குழாய்ல டியூப் போடணும், அது சிரமம். போட நேரமானா ஆக்சிஜனும் மத்தவங்களைவிட வேகமா இறங்கிடும். இரைப்பையில இருக்கிறது மேலேறி நுரையீரலுக்குள்ள போற ஆபத்தும் உண்டு. குடுக்கிற மருந்து நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கும் போகும். ஸ்பைனல்ல, அதாவது முதுகுல போடுற ஊசியில, மார்புக்குக் கீழ மட்டும்தான் மரத்துப்போகும். நீங்க முழிச்சிருப்பீங்க, குழந்தையோட முதல் அழுகையைக் கேப்பீங்க.

இடுப்பு வலிக்கு வருவோம். ஊசி போட்ட இடம் சில நாள் தொட்டா வலிக்கும், அது உண்மை. மாசக்கணக்குல இருக்கிற வலிக்குக் காரணம் கர்ப்பத்துல தளர்ந்துபோன இணைப்புகள், வலுவிழந்த வயித்துத் தசை, குனிஞ்சு குனிஞ்சு பால் குடுக்கிறது. முழு மயக்கத்துல பெத்தவங்களுக்கும், சுகப்பிரசவம் ஆனவங்களுக்கும் இதே வலி வருது. தண்டுவடத்துல குத்திடுமோன்னும் பயப்படுறாங்க. பெரியவங்களுக்குத் தண்டுவடம் பொதுவா இடுப்புப் பகுதி முதுகெலும்புல முதல் ரெண்டு எலும்பு மட்டத்துலயே முடிஞ்சிடும். நாங்க 3க்கும் 4க்கும் நடுவுல, இல்லைன்னா இன்னும் கீழ போடுறோம்.

மருந்து ரொம்பக் கொஞ்சம்தான். மரத்துப்போக வைக்கிற 0.5 சதவீத ஹெவி புபிவகெய்ன் ஏறத்தாழ 2 மி.லி., கூட வலி குறைக்கிற ஃபென்டனில் துளி. சில நிமிஷத்துல கால் கனமாயிடும். அதுக்காக உடனே கத்தி வைக்க மாட்டோம். வயித்து உள்ளுறையோட நரம்புகள் மேல வரைக்கும் போகுது, அதனால மரப்பு மார்புக்காம்பு மட்டம் வரைக்கும் ஏறியிருக்கணும். ஐஸ் வெச்சு, தொட்டு ரெண்டு பக்கமும் பார்ப்போம். குழந்தையை எடுக்கும்போது இழுக்கிற, அமுக்குற உணர்வு இருக்கும், அது சகஜம். வலிச்சா பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்காதீங்க, அந்த நிமிஷமே சொல்லுங்க. மருந்து கூட்டலாம், தேவைன்னா முழு மயக்கத்துக்கு மாத்தலாம்.

அடிக்கடி வர்ற தொந்தரவு பிரஷர் இறங்குறது. திடீர்னு குமட்டும், தலை சுத்தும். அதையும் உடனே சொல்லணும். கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அமுக்காம இருக்க உங்களை இடது பக்கம் சாய்ச்சிருப்போம், பிரஷரை ஏத்துற ஃபினைலெஃப்ரின் மருந்து கையிலயே தயாரா இருக்கும்.

அடுத்தது தலைவலி. உக்கார்ந்தா வலிக்கும், படுத்தா குறையும். ஊசித் துளை வழியா தண்டுவட நீர் கசியறதுதான் காரணம். 25 அல்லது 27 கேஜ்னு சொல்ற மெல்லிசான, பென்சில் முனை ஊசின்னா இது குறைவு. வந்தா ஊசியாலதானேன்னு வீட்டிலேயே பொறுத்துக்காதீங்க. மத்த காரணங்களையும் பார்க்கணும். ரொம்ப இருந்தா உங்க ரத்தத்தையே எடுத்து அங்க செலுத்தி அடைக்கிற வழி இருக்கு.

பிரசவ வலிக்கு முதுகுல வைக்கிற மெல்லிய எபிடியூரல் குழாய் ஏற்கனவே போட்டு நல்லா வேலை செய்யுதுன்னா, அதுலயே வீரியமான மருந்து குடுத்துடலாம், புது ஊசி வேண்டாம்.

முழு மயக்கம்தான் சரிங்கிற நேரமும் இருக்கு. பிளேட்லெட் ரொம்பக் குறைஞ்சிருந்தா, ஊசி போடுற இடத்துல சீழ் இருந்தா, ரத்தம் கொட்டிக்கிட்டிருந்தா, குழந்தைக்கு நொடி அவகாசம் இல்லைன்னா. ரத்தம் உறையாம இருக்க ஹெப்பரின் வகை ஊசி போடுறவங்க கடைசி ஊசி எத்தனை மணிக்குன்னு கட்டாயம் சொல்லணும். அந்த வகை எனாக்ஸாபரின், ரத்தக்கட்டி வராம தடுக்கிற அளவுன்னா 12 மணி நேரமும், சிகிச்சை அளவுன்னா 24 மணி நேரமும் கழிஞ்சாதான் முதுகுல தொடுவோம்.