கூட்டாளி எங்கிட்ட மட்டும் சொன்னான், நான் என்ன செய்யணும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

கேள்வி: வணக்கம் அக்கா. நான் கோலாலம்பூர், செந்தூல். படிவம் 4 படிக்கிறேன். தமிழ்ப்பள்ளியிலேருந்து ஒண்ணாப் படிக்கிற என் கூட்டாளி, தனக்குப் பசங்களத்தான் பிடிக்கும்னு எங்கிட்ட மட்டும் சொன்னான். கிளாஸ்ல அவனை ஏற்கெனவே பொண்டான்னு (பொம்பளை மாதிரி இருக்கான்னு கேலியா) கூப்பிடுவாங்க. இப்ப அவனோட போனா என்னையும் சேர்த்துச் சொல்றாங்க. கொஞ்ச நாள் தள்ளி இருக்கலாமா? அவன் மாறிடுவானா? அவன் அம்மாகிட்ட நான் சொல்லலாமா?

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல வர்றேன், அதுலதான் அவசரம் இருக்கு. அவன் அம்மாகிட்ட நீ சொல்லாத. நல்லது பண்றோம்னு நினைச்சுகூட வேண்டாம். அவங்க உனக்குச் சின்ன வயசுலேருந்து சோறு போட்டவங்களா இருக்கலாம். ஆனா அது எப்ப, யாருக்கு, எப்படித் தெரியணும்னு அவன்தான் முடிவு பண்ணணும். ஆலோசகரா வேலை செய்றதால எத்தனையோ வீட்டுக் கதை என் காதுக்கு வருது. விஷயம் தெரிஞ்ச அன்னிக்கே போனைப் பிடுங்கிருவாங்க, டியூஷனை நிறுத்திருவாங்க, சாமி பார்க்கிறவர்கிட்டக் கூட்டிட்டுப் போய் மந்திரிப்பாங்க. சில வீட்ல அடி விழும். வீட்டை விட்டுப் போடான்னு சொல்லிட்டா, படிவம் 5 முடியும்போது எஸ்.பி.எம். பரீட்சை எழுத வேண்டிய பையன் எங்க போய் நிப்பான்?

இந்த நாட்டுச் சட்டமும் ஒரு காரணம். தண்டனைச் சட்டம் 377ஏ, 377பி பிரிவுகள்ல சில உடலுறவுச் செயல்களுக்கு 20 வருஷம் வரைக்கும் சிறை, பிரம்படி இருக்கு. ஒருத்தர் மேல ஈர்ப்பு வர்றதும், அதைக் கூட்டாளிகிட்டச் சொல்றதும் அந்தப் பிரிவுல குற்றம் இல்ல. ஆனா ஊர்ல யாரு அவ்வளவு பிரிச்சுப் பார்க்கிறாங்க? வெள்ளைக்காரன் காலத்துல எழுதின சட்டத்தோட வாரிசு அது. இந்தியாவுல இதே வகைச் சட்டம் வயசு வந்தவங்க மனசொத்து வாழறதுக்குப் பொருந்தாதுன்னு 2018 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சிங்கப்பூர் 2022ல நாடாளுமன்றத்துல நீக்கிடுச்சு. இங்க இன்னும் இருக்கு. அதனால உன் போன்ல அவன் அனுப்பின மெசேஜை யாருக்கும் காட்டாத, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காத.

மாறிடுவானான்னு கேட்ட. இது நோய் இல்லப்பா, மருந்து குடிச்சா போறதுக்கு. உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17ல ஒரு பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலேருந்தே எடுத்துடுச்சு. சென்னை உயர் நீதிமன்றத்துல 2021ல ஒரு வழக்கு. மதுரையிலேருந்து சென்னைக்கு வந்த ரெண்டு பொண்ணுங்க, பெத்தவங்க தரப்புலேருந்து பாதுகாப்புக் கேட்டாங்க. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இது தனக்குச் சரியாப் புரியலன்னு வெளிப்படையாச் சொல்லி, மனநல ஆலோசகர்கிட்ட உக்காந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் உத்தரவு போட்டாரு. இவங்களை 'மாத்துறேன்'னு வைத்தியம் பண்ணக் கூடாதுன்னும் அதுல இருக்கு. அவ்வளவு பெரிய பதவியில இருக்கிறவரே தெரியலன்னு ஒத்துக்கிட்டுக் கத்துக்கிட்டாரு. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. நம்ம மாமாவும் சித்தப்பாவும் மட்டும் "கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்"னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. வேற வீட்டுப் பொண்ணு வாழ்க்கையும் சேர்ந்து கெடும்னு யோசிக்கிறதே இல்ல.

சரி, தள்ளி இருக்கலாமாங்கிறது. உன் பயம் எனக்குப் புரியுது. அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பசங்க எதுக்கு உன்னையும் சேர்த்துச் சொல்றாங்கன்னு யோசி. கூட இருக்கிறவன் மேல சேறு பட்டா அவன் விலகிடுவான், அப்புறம் மிச்சம் இருக்கிறவன் ஒத்தையா நிப்பான். ஒத்தையா நிக்கிறவனைத்தான் அடிக்கிறது சுலபம். நீ விலகினா கேலி அடங்காது, உன் பங்கும் சேர்ந்து அவன் தலையில விழும். அவன் அதை எப்படி எடுத்துக்குவான்? "உண்மையைச் சொன்னேன், போயிட்டான்"னு. இனிமே யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டான்.

அவங்க கேக்கும்போது உன் வாயில முதல்ல என்ன வரும்? "ஏய், நான் அப்படி இல்லடா"ன்னுதான். பக்கத்துல நிக்கிற அவன் காதுல அது எப்படி விழும்? தான் வெட்கப்பட வேண்டியவன்னு விழும். "அவனும் அப்படி இல்ல"ன்னு பேசிக் காப்பாத்தவும் போகாத, அந்தப் பொய்யை அப்புறம் அவன்தான் சுமக்கணும். ஆமான்னும் சொல்லாத. "அவன் என் கூட்டாளி, உனக்கு என்ன வேணும்?" இது போதும். சொல்லிட்டு ரெண்டு பேரும் சேர்ந்தே நடங்க. கெண்டீன்ல எப்பவும் உக்கார்ற இடத்துல உக்காருங்க, ஃபுட்சால் போறதா இருந்தா போங்க. அவன் உன்கிட்ட எதிர்பார்க்கிறது பெரிய ஆறுதல் பேச்சு எல்லாம் இல்ல.

நீ எழுதாத ஒண்ணையும் கேட்டுடறேன். அவன் உன்னையும் விரும்புறானோன்னு ஒரு பயம் இருக்கா? உன்னை நம்பினதால சொன்னான், அவ்வளவுதான். நாளைக்கு அப்படியே கேட்டாலும் "எனக்கு அந்த மாதிரி இல்லடா, நாம கூட்டாளிங்கதான்"னு சாதாரணமாச் சொல்லலாம். ஒரு பொண்ணு நமக்கு அப்படிப் பதில் சொன்னா நாம கேட்டுக்கணும் இல்லையா, அதே மரியாதைதான்.

ஆனா பேச்சு அடிதடிக்குப் போனா தைரியம் காட்டாத. 2017 ஜூன்ல பினாங்குல 18 வயசுத் தமிழ்ப் பையன் ஒருத்தன் அடிபட்டு, தீக்காயத்தோட ஆஸ்பத்திரியில கிடந்து இறந்தான். மென்மையா இருக்கான்னு அவனைப் பள்ளிக் காலத்துலேருந்தே கேலி பண்ணாங்கன்னு அப்ப செய்தி வந்துச்சு. அவன் யாரை விரும்பினான்ங்கிறது நமக்கு வேண்டாத விஷயம். அன்னிக்கு அவன்கூட இருந்த கூட்டாளிக்கும் அடி. இத்தனை வருஷம் ஆச்சு, எனக்கு இன்னும் ஆறல. கேலிதானேன்னு பெரியவங்க ஆசிரியருங்க எல்லாரும் விடற எடத்துலேருந்துதான் இது வளருது. அதனால மிரட்டல், தள்ளிவிடுறது, பணம் கேக்குறது, இதெல்லாம் ஆரம்பிச்சா தேதி போட்டு எழுதி வை. கட்டொழுங்கு ஆசிரியர்கிட்டயோ ஆலோசக ஆசிரியர்கிட்டயோ, இல்ல உங்க அப்பா அம்மாகிட்டயோ சொல்லு. "அடிக்கிறாங்க, கெட்ட பேர் வச்சுக் கூப்பிடுறாங்க"ன்னு சொன்னாலே போதும். ஏன்னு கேட்டா அவன் ரகசியத்தை எடுத்து வைக்கணும்னு அவசியம் இல்ல.

நான் முதல்ல சொன்னதுக்கு ஒரே ஒரு விலக்கு. அவன் சாகணும்னு பேசினா, கையைக் கீறிக்கிட்டா, உடனே நம்பிக்கையான ஒரு பெரியவங்ககிட்டச் சொல்லிடு. அப்பவும் "அவன் உயிருக்கு ஆபத்து, பயமா இருக்கு"ன்னுதான் சொல்லணும், மத்தது வேண்டாம். மனசு உடைஞ்சவங்க பேசறதைக் கேக்குற பெஃப்ரெண்டர்ஸ் அமைப்புல 24 மணி நேரமும் போன் எடுப்பாங்க, 03-7627 2929. அவன் கூப்பிடத் தயங்கினா நீயே கூப்பிட்டு, கூட்டாளிக்கு என்ன செய்யலாம்னு கேக்கலாம். உனக்கே இது பாரமா இருந்தாலும் கூப்பிடலாம். இந்த வயசுல இன்னொருத்தர் ரகசியத்தைத் தனியாத் தாங்குறது லேசு இல்ல, தெரியும்.

அடுத்த கேள்வி கிள்ளான்லேருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க, அதுக்கு வருவோம்.